மூன்றாம் சுற்றில் எடுத்த கோல் கீப்பர்

வன்னியில் போர் முடியச் சில வாரங்கள் இருந்த அந்த வசந்தத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஸ்காபரோவில் எங்கள் உதைபந்தாட்டக் குழுக்களுக்கு ஆட்களைத் தெரிவுசெய்தோம். அதற்கு முந்திய வருடம்வரை பிறந்த ஊருக்கொரு குழு இருந்தது. ஊர்ச்சண்டை மைதானத்துக்குள் வந்து ஒருவருக்குப் பல் போன பிறகு, எல்லா ஆட்டக்காரரையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, ஆறு பொறுப்பாளர்கள் சீட்டிழுத்து, முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பது என்று முடிவாயிற்று. பெரிய தொழில்முறைக் கழகங்களும் இப்படித்தான் எடுக்கின்றன. அங்கே தமக்கு வேண்டிய ஆளைப் பற்றிப் பொய்க்கதை பரப்பி மற்றவர்களைத் திசைதிருப்புவார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். கெட்டிக்காரர்கள் என்று வியந்தும் இருந்தேன். நான் ஆறு பொறுப்பாளர்களில் ஒருவன். ஊரில் கணிதம் படிப்பித்தவன்.

"இந்த நேரத்திலை பந்தடியோ?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பகலில் நகர மையத்தில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு நின்ற பிள்ளைகள்தான் மாலையில் வந்து பந்து உதைத்தார்கள். வீட்டில் இருந்தால் வராத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியவன் ஒரு கோல் கீப்பர். இருபத்திரண்டு வயது. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் தாயோடு இருந்தான். தமையன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். ஒருநாள் பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னான்: "மாஸ்டர், அண்ணாட்டையிருந்து போன் வரேல்லை. அம்மா என்னைப் போய் விளையாடட்டாம். வீட்டிலை நிண்டு தன்ரை முகத்தைப் பாக்க வேண்டாமாம்."

சீட்டில் எனக்குக் கடைசி இடம் விழுந்தது. முதலிரண்டு சுற்றிலும் முன்வரிசைக்காரரை எடுக்க நினைத்திருந்தேன். அதுவரை கீப்பர் மிஞ்ச வேண்டும். தெரிவு தொடங்குமுன் கோப்பிக்கடையில், ஒஷாவாவிலிருந்து வந்த பொறுப்பாளரிடம் குரலைத் தாழ்த்தினேன். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது எனக்குத் தெரியும்.

"உந்தக் கீப்பர்ப் பெடியன் இந்த முறை நிக்கமாட்டான் போலை. தமையன்ரை சேதி சரியில்லை."

"என்ன, ஆள் முடிஞ்சுதோ?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்தபடி தலையை அசைத்தேன்.

மூன்றாம் சுற்றில் அவன் பெயரை நான் சொன்னபோது அவர் என் தோளைத் தட்டி, "நல்ல மனசு அண்ணை உங்களுக்கு" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் போன் எடுத்தான். "மாஸ்டர், சனம் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்து நிக்குது. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாதாம். ஆர் சொன்னதெண்டு கேட்டால் அவர், இவர் எண்டினம். அம்மா கதவடியிலையே இருந்திட்டா."

"வதந்தி, நம்பாதையுங்கோ" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைக்கத்தான் இப்போது கூசுகிறது.

போர் முடிந்தது. தப்பியவர்களை அடைத்துவைத்த முகாம்களில் தமையன் இல்லை. இறந்தான் என்று சொல்லவும் ஆளில்லை. தம்பி அந்த வருடம் பந்தைத் தொடவில்லை. தாயோ சோறு கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் போய், கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டு, ஒஷாவாக்காரரைப் பிடித்து, கடைசியில் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். கோபமே இல்லை. கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள்தான் முதல் சொன்னதாம். உங்களுக்கு ஆர் சொன்னது? கண்டவையே? எந்த இடத்திலை? உடம்பை மண்ணிலை தாட்டவையே?"

"ஒருத்தரும் சொல்லேல்லைத் தங்கச்சி. மற்றவை உங்கடை பெடியனை எடுக்காமலிருக்க நான் சொன்ன பொய்."

மகன் எழுந்து வெளியே போய்விட்டான். தாய் என் பக்கமே திரும்பினார்.

"பந்தடிக்காக ஆரும் உப்பிடிச் சொல்லுவினமே? நீங்கள் படிச்ச மனிசன். எனக்கு நோகுமெண்டு மறைக்கிறியள்."

நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

சில வருடங்களின் பின் ஒரு கலியாண மண்டபத்தில் ஒஷாவாக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். "நீங்கள் வாயைத் திறக்காட்டிலும் நான் அவனை எடுத்திருக்கமாட்டன். எங்கடை அக்கான்ரை பெடியன் கீப்பர். அவனை விட்டால் எனக்கு வீட்டிலை சோறில்லை" என்றார். மற்ற நால்வரும் தங்கள் தங்கள் கீப்பரை முன்னமே மனதில் வைத்திருந்தார்களாம். அவனை நான் நான்காம் சுற்றிலும் எடுத்திருக்கலாம்.

அந்தத் தாய் இப்போது மகன் குடும்பத்தோடு மார்க்கம் நகரில் இருக்கிறார். மகன் என்னோடு கதைப்பதில்லை. தாய் இடைக்கிடை போன் எடுப்பார். என் நெஞ்சுவருத்தத்தை விசாரிப்பார். பிறகு, "இப்பவாவது சொல்லுங்கோ அண்ணை, எந்த இடத்திலை?" என்பார்.

கடைசியாகக் கேட்டபோது ஒரு இடத்தின் பெயர் என் நாக்குவரை வந்தது. சொன்னால் அவர் ஒரு விளக்கேற்றுவார், அழுவார், ஒருவேளை நித்திரை கொள்ளுவார்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றேன்.

"சரி அண்ணை. யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.