கரியர் இல்லாத சைக்கிள்

ஸ்பெயினில் யாத்திரிகர்கள் நடக்கும் பாதையில் சைக்கிளில் போய்வர வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. போரின் ஷெல்லடிக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனமெல்லாம் ஊரைவிட்டு நடந்ததற்கு மறுவருடக் கோடை அது. தன் மாமியாரைச் சைக்கிளின் பின்பக்கக் கரியரில் இருத்தி, அந்தச் சனத்தோடு சனமாக உருட்டிக்கொண்டு வந்த என் அக்கா, அப்போதுதான் கடல் கடந்து மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

நான் வரைபடத்தை விரித்து, தங்கும் ஊர்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் புதுச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கரியர் இல்லையே. ஆளை எங்கை ஏத்துவாய்?”

“ஒருத்தரையும் ஏத்தத் தேவையில்லை அக்கா. இது சும்மா ஒரு பயணம்” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு படத்தில் கை நின்றது. முதுகில் பைகளோடு ஆண்களும் பெண்களும் நீள வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். எதிரே வருபவர் ஒருவருமில்லை.

“எல்லாரும் ஒரே பக்கம் போகினம். பின்னாலை என்ன வருகுது?”

கோயிலுக்குப் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கண் படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. அவர்கள் வந்த பாதை அங்கே வளைந்து மரங்களுக்குள் மறைந்திருந்தது.

மறுநாள் சைக்கிள் கடைக்குப் போய் ஒரு கரியர் பூட்டுவித்தேன்.