ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம்

போன வாரம் என் மச்சினன் குருசாமிக்கு வயிற்றுவலி. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. தீபாவளி சீசன். வலி என்று உட்கார முடியுமா?

"மருந்துத் தூசி உள்ள போயிருக்கும்லே. பழத்தைத் தின்னு, இறங்கிரும்" என்று கூட இருந்தவர்கள் வாழைப்பழத்தை உரித்து உரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் எந்த வயிற்றுவலிக்கும் பட்டாசு மருந்துதான் குற்றவாளி! பெட்டி ஏற்றுகிறவன் மருந்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை... அதை யார் யோசிக்கிறார்கள்?

தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. வேட்டியை நெகிழ்த்திப் பார்த்த போர்மேன்தான் பயந்துபோனார். தொடை இடுக்கில் ஒரு கட்டி. பல மாதமாக அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்திருக்கிறான்.

அன்றே ஆபரேஷன். முடிந்ததும் டாக்டரம்மா விளக்கினார்.

"இறங்கின குடல் மாட்டிக்கிட்டு, ரத்தம் போகாம கறுத்திருந்துச்சு. இறுக்கத்தை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில நனைச்ச துணியால மூடிட்டுக் காத்திருந்தோம். மெதுவா நிறம் திரும்புச்சு. அதனால வெட்டலை."

"அப்போ பிழைச்சுட்டான்..." என்றேன்.

"அவசரப்படாதீங்க. நின்னுபோன ரத்தம் திரும்பி வரும்போதும் குடல் புண்ணாகலாம். அதுக்கு ரெஸ்ட் வேணும். காற்றுப் பிரிஞ்சு, நாங்க சொல்ற வரைக்கும் வாயில எதுவும் கொடுக்காதீங்க."

இதை என் மாமியாரிடம் யார் சொல்வது? இட்லியோடு வந்து நின்றார். "வெறும் வயித்தோட பிள்ளை எப்படித் தேறுவான்?"

குருசாமி பெண்டாட்டி செல்வி கட்டில் முன்னால் மறித்து நின்றுவிட்டாள். "அத்தே, ஒரு வாய் குடுத்தீகன்னா மறுபடி வயித்தைக் கிழிக்கணும். தூக்குவாளியை மூடுங்க."

ஒருவரைக் காப்பாற்றுவது என்றால் உடனே எதையாவது செய்துவிட வேண்டும் நமக்கு. எதையாவது ஊட்ட வேண்டும், தடவ வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் வைத்தியம் என்றால் மனசு கேட்கிறதா?

மறுநாள் லோடுமேன்கள் பார்க்க வந்தார்கள். "என்னலே, திரி வச்சாச்சு, இன்னும் வெடிக்கலையா?"

"சிரிக்க வைக்காதீகடா, தையல் வலிக்குது!"

அவர்கள் போனபிறகு வார்டு அமைதியானது. நர்ஸ் வரும்போதெல்லாம் "பிரிஞ்சுச்சா?" என்பார். எனக்குக் கூச்சத்தில் தலை குனிந்துவிடும். செல்வி மட்டும் நிமிர்ந்து "இன்னும் இல்லை சிஸ்டர்" என்பாள். குடல் உயிரோடுதான் இருக்கிறதா என்பதல்லவா அந்தக் கேள்வி!

சாயங்காலம், போர்வைக்குள்ளிருந்து கேட்டது.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குருசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சரவெடிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான்... ஒரு சத்தத்தைக் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.