கண்ணாடி இழையும் புத்தளத்து உப்பும்

போன செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் கூடையை இறக்கிய குளச்சல் மீன்காரிதான் சொன்னாள்: "ஒங்க சூசை சாரு நேத்தைக்கு மரிச்சிட்டாரு." எங்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்திய சூசைமரியான். எனக்குத் துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். அவர் இருக்கும்போதே ஊரறிய நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அரிக்கேன் விளக்குச் சூட்டில் முட்டை அடைகாக்கும் அந்தப் பெட்டி நினைவிருக்கும். இரண்டாம் நாள் கோழிக்கரு வெற்றிலைக் கொழுந்தைவிட மெல்லிய தகடு. அது தானே மடிந்து குழலாகிறது. அதிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும். "மடியணும்னா எங்கயோ ஒரு பலம் வேணுமில்லா? அத அளக்கப் போறேன் வே" என்பார். கண்ணாடிக் குச்சியை ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, தலைமுடியைவிட மெலிதாக இழுப்பார். கருவில் ஒரு துண்டை வெட்டி, இளஞ்சூடான உப்புநீரில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் அந்த இழையால் அழுத்துவார். இழை எவ்வளவு வளைகிறதோ, கரு அவ்வளவு கெட்டி. மூச்சுப் பட்டால் இழை ஆடும் என்று என்னை மூக்கைப் பொத்தச் சொல்வார். நானும் பொத்திக்கொண்டு நிற்பேன்.

ரசாயனம் நடத்துகிறவன் என்பதால் உப்புநீர் கலக்குவது என் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் சென்னையிலிருந்து வரவேண்டிய சுத்த உப்பு வரவில்லை. பெட்டியில் முட்டைகள் காத்திருக்குமா? வீட்டு அடுக்களையிலிருந்த, பக்கத்துப் புத்தளம் உப்பளத்து உப்பைக் கரைத்து, இரண்டு தரம் வடிகட்டி, புட்டியை நிரப்பிவிட்டேன். தெளிவாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அந்த வாரம் இழை வழக்கத்தைவிட அதிகம் வளைந்தது. "கெட்டிப்படுதுவே! மடியதுக்கு மின்னாடி கெட்டிப்படுது!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். கட்டுரை வெளிநாட்டு ஆய்வேடு ஒன்றுக்குக் கப்பலேறிப் போனது. அச்சிடுவதாக மறுமொழி வந்த அன்று கல்லூரியில் பாயசம் வைத்தோம்.

அதற்கு மறுவாரம் என் மனைவி அடுப்படியில் அலுத்துக்கொண்டாள். "இந்தக் கெணத்துத் தண்ணியில பயறு வேகவே மாட்டேங்கு. ஒரே சுண்ணாம்பு." பயறை இறுக்குகிற அதே சுண்ணாம்புச் சத்து உப்பளத்து உப்பிலும் உண்டு. கெட்டிப்பட்டது கருவாலா, என் உப்பாலா? மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "என்னைக்கு மாத்தினீரு?" என்று மட்டும் கேட்டார். நோட்டைப் புரட்டி, அந்தத் தேதிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தார். கட்டுரையை நிறுத்தச் சொல்லி அன்றே கடிதம் எழுதினார். நான் பயந்து நின்றதைப் பார்த்து, "தப்ப எழுதிப் போட்டுட்டா பெறவு பயமில்லவே" என்றார். சுத்த உப்பில் மறுபடி அளந்தார். கெட்டிப்படுவது மெய்யா, கைநடுக்கமா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சொற்பம். அதை அவர் எழுதவே இல்லை.

கடிதத்தில் என்ன இருந்தது என்பது ஊர்ப்பேச்சாக வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: உப்பை மாற்றியது தான்தான் என்று எழுதியிருக்கிறார். "சூசை அவசரக்காரன், அடுக்களை உப்பைப் போட்டுக் கெடுத்தான்" என்றார்கள். துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. "என்னத்துக்கு வே ஒம்ம பேரப் போட்டீரு?" என்று ஒரே ஒருமுறை தனியாகக் கேட்டேன். "கட்டுரை என் பேருல. தப்புக்கு மட்டும் ஒம்ம பேரா?" என்றார்.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்த இழையைத் தந்தார். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுவும், எழுதிப் போட்டுவிட்டால் பயமில்லை என்று அவர் சொன்ன அந்த வார்த்தையும்தான். இழையைக் குழாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் மூச்சுப் பட்டு ஆடுகிறது.

அவரை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன்: உப்பை மாற்றியவன் நான்.

எழுதிப் போட்டுவிட்டேன், சூசை. பயம் போகவில்லை.