இருப்புச் சட்டியும் மோர்ச் செம்பும்

வெண்டைக்காயை ஒவ்வொன்றாகத் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் விரித்த வெள்ளைத் துண்டில் காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்குகிறார் வீரையன். மாலை ஆறரை மணி. பட்டறைக் கறை போகச் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் காயைத் தொடுவார். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். “இன்னும் ஈரம் இருக்கு சார். பத்து நிமிஷம் போவட்டும்.”

பூதலூரில் தண்ணீர் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் மோட்டார் எரிந்தாலும் வண்டியிலேற்றி அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஓடுகிற மோட்டாரில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, “பேரிங் போச்சு” என்பார். போயிருக்கும். நான் அடுத்த வீட்டில் குடியிருக்கும் வாத்தியார். குடும்பம் நாகப்பட்டினத்தில் இருப்பதால் வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சோறு எனக்கு இவர் வீட்டில்தான். அதனால் இந்த வறுவல் போராட்டத்துக்கு ஆரம்பம் முதல் நான் சாட்சி.

அவர் மனைவி அம்சம் சத்துணவுக் கூடத்தில் சமையலர். நூற்றுநாற்பது பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு வந்தால் அந்த அம்மாளுக்குச் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. ஒரு கைச் சோறு, ஒரு செம்பு மோர், முடிந்தது சாப்பாடு. பல வருஷமாக இப்படித்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள், கொதிக்கிற உலைக்குப் பக்கத்திலேயே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். உதவியாளர் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். ரத்தம் ரொம்பக் குறைவு, மாத்திரை மட்டும் போதாது, பச்சைக் காய்கறியோடு வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் கண்டித்து அனுப்பினார்.

வீரையன் அதைத் தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டார். “லோ வோல்டேஜ்ல ஓட்டுனா மோட்டாரு என்னாவும்? சூடாயி எரிஞ்சிடும். இவளும் அப்புடித்தான் ஓடிக்கிட்டிருக்கா சார்.” அன்றைக்கே ராத்திரிச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சோறும் ரசமும் சீக்கிரம் படிந்துவிட்டன. வறுவல்தான் வழிக்கு வரவில்லை.

முதல் வாரம் வெண்டைக்காய் கூழாகிவிட்டது. “போஸ்டர் ஒட்டலாம்ங்க” என்று அம்சம் மோர்ச் செம்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். காய் முற்றல் என்றார் வீரையன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டாம் வாரம் ஈரம்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார். வார்னிஷ் ஊற்றிய மோட்டாரை, குண்டு பல்பு எரியும் தகர டிரம்முக்குள் வைத்துத்தான் பட்டறையில் உலர்த்துவார். அதே டிரம்முக்குள் அரைக்கிலோ வெண்டைக்காயையும் வைத்துவிட்டார் மனிதர். ஈரம் சுத்தமாகப் போய்விட்டது. வறுவலில் வார்னிஷ் வாடை. அம்சம் ஒரு துண்டை மோந்து பார்த்து, “இது எத்தன ஹெச்.பி.ங்க?” என்றார்.

எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. வீரையன் சிரிக்கவில்லை. “அந்தச் செம்புதான் சார் எனக்கு எதிரி” என்றார்.

உருளைக்கிழங்கை வறுத்தால் சுலபமாயிற்றே என்று ஒரு நாள் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். “உருளக்கெழங்க எவன் வேணா வறுப்பான். டாக்டரு பச்சையால்ல சொல்லியிருக்காரு?” வெண்டை கிடைக்காத நாளில் அவரை, கொத்தவரை, புடலை. வேறு நிறக் காய் அந்த வாசற்படி ஏறியதில்லை. இப்படி மூன்று மாதம் ஓடிவிட்டது. அம்சம் மரியாதைக்கு இரண்டு துண்டு தொட்டுக்கொள்வார், பிறகு மோர்தான். போன மாதம் ரத்தம் பார்த்தபோதும் ஏறவில்லை என்றார்கள். அன்றைக்கு வீரையன் பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாள் மறுபடி வெண்டைக்காய்.

பத்து நிமிஷம் ஆயிற்று. நறுக்கிய துண்டுகள் இருப்புச் சட்டியில் கடலை எண்ணெயில் விழுகின்றன. மூடி கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. உப்பும் மிளகாய்த்தூளும் கடைசியில். தன் கையில் இருந்தால் சும்மா இராமல் கிண்டிவிடுவோம் என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டிப் பக்கம் காதைச் சாய்த்து நிற்கிறார். “கேளுங்க. தண்ணி போற சத்தம் வேற, முறுகற சத்தம் வேற.” எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. திடீரென்று கையை நீட்டுகிறார். “கரண்டியக் குடுங்க!”

அம்சம் வந்து உட்காருகிறார். பக்கத்தில் வழக்கம்போல் மோர்ச் செம்பு. வறுவல் பச்சை மாறாமல் ஓரத்தில் மட்டும் சிவந்திருக்கிறது. ஒரு துண்டை வாயில் போடுகிறார். இன்னொன்று. ரசச் சோற்றோடு ஒரு பிடி. எப்படி இருக்கிறது என்று கேட்க வீரையனுக்குத் துணிச்சல் இல்லை; நான் கேட்கிறேன். “அதான் சாப்புடறேன்ல சார்” என்கிறார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்கிறார். கிண்ணம் காலியாகிறது. தோற்றுத் தோற்றுப் பழகிய வீரையன் எழுந்துபோய், தினமும் செய்வதுபோல் சட்டியை ஊறவைக்கத் தண்ணீர் மொள்ளுகிறார்.

“இருங்க, சட்டியில தண்ணி ஊத்தாதீங்க. இங்க கொண்டாங்க.”

சட்டியை வாங்கி முன்னால் வைத்து, ஒரு கரண்டிச் சுடுசோற்றை அதில் கொட்டுகிறார் அம்சம். அடியில் ஒட்டிய முறுகலையும் காரத்தையும் விரலால் வழித்துப் பிரட்டி, சட்டியிலிருந்தே உருட்டி உருட்டிச் சாப்பிடுகிறார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருக்கிறது.

வீரையன் குனிகிறார். மனைவி பக்கத்திலிருந்த மோர்ச் செம்பை எடுக்கிறார். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை மடமடவென்று தானே குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைக்கிறார்.