வெளிப்பக்கம் திறக்கும் கதவு

துபாயில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்திலேயே, கீழ்த்தளத்தில் உள்ள ஒரு சின்ன ஃபிளாட்டைச் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். கணவர் டியூட்டிக்குப் போய்விடுவதால் விருந்தினரைக் கவனிப்பது என் பொறுப்பு. போன குளிர்காலத்தில் மதுரையிலிருந்து ஒரு பெண், அண்ணனோடு வருவதாக எழுதினாள். சக்கர நாற்காலியில் இருப்பவள். நாற்காலியின் அகலத்தைச் சொல்லிவிட்டு, "பாத்ரூமுக்குள்ள போகுமாக்கா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலை அளந்தேன். மூன்று முறை, மூன்று அளவு. சட்டத்தை அளப்பதா, கதவைத் திறந்தபின் மிஞ்சும் இடத்தை அளப்பதா? உள்பக்கம் திறக்கும் அந்தக் கதவே இரண்டு விரல் இடத்தை அடைக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

"கதவக் கழட்டிட்டாப் போச்சு. கர்ட்டன் போட்ரு" என்றார் கணவர்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சக்கரத்தில் சிக்காதபடி திரையின் அடியை மடித்துத் தைத்தேன். கமோடுக்கு எந்தப் பக்கம் கைப்பிடி வேண்டும் என்று அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால், இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன்.

வந்தவள் திரையை விலக்கிப் பார்த்தாள். "கதவு எங்கக்கா?"

"இடம் பத்தலைன்னு கழட்டிட்டோம்மா. இப்பத் தாராளமாப் போகும்."

"போகும். ஆனா இந்த ஹால்லதான அண்ணன் படுக்கணும்?"

"நான் வேணா லிஃப்ட்டுகிட்டப் போய் நின்னுக்கிறேன்" என்றான் அண்ணன்.

"நாலு நாளும் நிப்பியாக்கும்?"

எனக்கு முகம் சுட்டது. எப்படி இது தோன்றாமல் போனது? மகள் பிறந்ததிலிருந்து நானே கதவைச் சாத்திக் குளித்ததில்லை, சாத்தினால் அழுவாள். அதனால் மறந்தேனா? அல்லது, சக்கர நாற்காலியில் இருப்பவரோடு யாராவது உள்ளே போகத்தானே வேண்டும் என்று நினைத்துவிட்டேனா? எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவளே வழி சொன்னாள்: "வெளிப்பக்கம் தொறக்கிற மாதிரி மாட்டலாமேக்கா. தொறந்தா சுவத்தோட ஒட்டிக்கிரும், எடத்த அடைக்காது. எங்க வீட்ல அப்டித்தான்."

பட்டறைகள் நிறைந்த அல் கூஸ் பகுதியிலிருந்து தச்சரை வரவழைத்தேன். அதுவரை அண்ணனை மேலே எங்கள் வீட்டில் உட்கார வைத்தோம். கீலையும் தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டு, "கலாஸ், பாபி", முடிந்தது அண்ணி, என்று தச்சர் கிளம்பினார்.

அவள் உள்ளே போனாள். கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் வெளியிலேயே நின்றேன். அவள் விழுந்துவிட்டால்? எல்லாம் சரியா என்று கேட்கலாமா? கேட்டால் தப்பா?

"அக்கா, அங்கயேவா நிக்கிறீங்க?"

"இல்லம்மா... சும்மா..."

"போங்கக்கா. ஏதும்னா கூப்பிடுறேன்."

லிஃப்ட் வரை போனேன். அவள் கூப்பிட்டால் இங்கே கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே போகும் பொத்தானை அழுத்தினேன்.