நாற்பத்து நான்காவது வீட்டின் அறிக்கை

இருபத்திரண்டு வருடங்களில் நாற்பத்து மூன்று வீடுகள். தனக்கென்று இத்தனையையும் போய்ப் பார்த்து, பத்திரம் புரட்டி, சுவரைத் தட்டி, அக்கம்பக்கத்தில் விசாரித்து, கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாடகை வீட்டுக்கே திரும்பி வந்த மனிதருக்குப் பதிவு அலுவலக வாசலில் வைத்த பெயர் ‘வேணாம் சார்’.

ஊராருக்கு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். தரகர் இல்லை. தரகர் பேசி முடித்த பிறகு, முன்பணம் கைமாறுவதற்கு முன்னால், பயந்த சுபாவக்காரர்கள் தேடி வரும் ஆள். இந்த மனைக்கு வேறு யாராவது பங்காளி உண்டா, வழக்கு உண்டா, அடமானம் உண்டா, மாடி கட்ட அனுமதி உண்டா என்று துருவி, இரண்டு பக்க அறிக்கை கொடுப்பார். கடைசி வரி எப்போதும் ஒற்றைச் சொல்தான்: வாங்கலாம், அல்லது வேண்டாம். பத்துக்கு எட்டு வேண்டாம்.

பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போய், விற்கிற வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எத்தனை அடி என்று பார்ப்பார். விற்கிறவர் தன் சுவருக்கு வெள்ளையடித்திருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு அடிக்கப்போகிறார்? தபால்காரரை நிறுத்தி, அந்த முகவரிக்கு வங்கியிலிருந்து கடிதம் வருகிறதா, நீதிமன்றத்திலிருந்து வருகிறதா என்று கேட்பார். “பத்திரம் பொய் சொல்லும், தபால்காரர் சொல்ல மாட்டார்” என்பது அவர் கணக்கு.

“இவருக்குச் சொர்க்கத்தையே காட்டினாலும் மூலப் பத்திரம் எங்கேன்னுதான்யா கேப்பாரு,” என்பார் பக்கத்து மேசையில் பத்திரம் எழுதுகிற சிநேகிதர்.

“அங்க வாரிசுத் தகராறு ஜாஸ்தி. விசாரிக்காம எப்படிப் போறது?” என்பார் இவர், சிரிக்காமல்.

அவர் கையால் எழுதியதை வீட்டில் தட்டச்சு செய்வது மனைவி. கல்யாணமான புதிதில் தட்டச்சு இயந்திரம், பிறகு கணினி. பிள்ளைகள் இல்லாத வீட்டில் சத்தம் என்றால் அதுதான். அவள் மேசை சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அந்த வாடகை வீட்டில் ஜன்னலுக்கு வெளியே இரண்டடியில் அடுத்த வீட்டுச் சுவர். கையை நீட்டினால் அவர்கள் கொடியில் காயும் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொள்ளலாம். தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே தன் மேசை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

தங்களுக்கென்று பார்த்த வீடுகளுக்கும் அவர் முறையாக அறிக்கை எழுதினார். அதையும் அவளே தட்டச்சு செய்தாள். ஒரு வீட்டில் விற்கிறவரின் தங்கை கையெழுத்துப் போடவில்லை. ஒன்று குளத்தை மூடிய மனை. ஒன்றின் தலைக்கு மேல் மின்கம்பி, இன்னொன்றின் அடியில் சாக்கடைக் குழாய். ஒவ்வொரு வீட்டிலும் அவர் அளவு நாடாவோடு கொல்லைப்புறம் போன நேரத்தில், அவள் மேசைக்கு இடம் குறித்துவிடுவாள். பிறகு வீட்டுக்கு வந்து வேண்டாம் என்ற சொல்லைத் தன் விரலாலேயே அடிப்பாள்.

“நாப்பத்து மூணு தடவை குடி போயிட்டேங்க நானு. சாமான் மட்டும்தான் இங்கேயே கிடக்கு,” என்று ஒருமுறை சொன்னாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு ஐம்பத்தோராவது வயதில் வயிற்றுவலி வந்தது. பரிசோதனைகள் முடிந்ததும் மருத்துவர் அவரை மட்டும் அறைக்குள் அழைத்தார். ஈரலில் கட்டி, பரவிவிட்டது, அதிகம் போனால் இரண்டு வருடம். வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், “வயித்துப் புண்ணுதான். மாத்திரையில சரியாயிடும்,” என்றார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, வாங்க,” என்று எழுந்தாள்.

அதற்குப் பின் இரண்டரை மாதம் அவர் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அவள் பகலில் எங்கே போனாள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊர் முழுக்கத் துருவித் துருவிக் கேட்கிற மனிதர் வீட்டில் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் தானும் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளருக்குப் பக்கத்தில் இரண்டு பக்க அறிக்கை ஒன்றை வைத்தாள். அவருடைய வடிவம், அவருடைய தலைப்புகள். ஆனால் அவர் எழுதியது அல்ல.

தெருமுனையில் முன்னறையோடு சின்ன வீடு. முப்பது வருடப் பத்திரங்கள் பார்க்கப்பட்டன, வில்லங்கம் இல்லை. இரண்டு மழைக்குப் பிறகு பக்கத்துச் சுவர்கள் பார்க்கப்பட்டன, கறை இல்லை. தபால்காரர் விசாரிக்கப்பட்டார், கல்யாணப் பத்திரிகையும் தண்ணீர் ரசீதும்தான் வருகின்றன. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் குறை என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது:

‘சாலை விரிவாக்கக் கோடு முன்னறையின் நடுவே போகிறது. வரைபட நகல் இணைக்கப்பட்டுள்ளது. வேலை தொடங்கக் குறைந்தது ஏழு வருடம் ஆகும் என்று நகரமைப்பு அலுவலகத்தில் சொல்கிறார்கள். வாங்குபவரின் மனைவிக்கு மீதியுள்ள காலம் இரண்டு வருடம். ஆகவே இந்தக் குறை அவரைப் பாதிக்காது. முடிவு: வாங்கலாம்.’

கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

அவர் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்காமல், பழக்க தோஷத்தில், “தெற்கு எல்லை அளந்தியா?” என்று கேட்டார்.

“அளந்தேன். முக்கா அடி குறையுது. போகட்டும்.”

“யாரு சொன்னா உனக்கு? அந்த ரெண்டு வருஷம்?”

“ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவுல எழுதிக் குடுத்தேன். என் பேரு, என் ஃபைலு. அடையாள அட்டையைப் பாத்துட்டு நகல் குடுத்துட்டாங்க. கேட்டா எதுக்கும் நகல் கிடைக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

அவர் வரைபட நகலைப் பிரித்தார், மறுபடி மடித்தார்.

“குறை இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம மறைக்கிறவனை நீங்க என்னன்னு எழுதுவீங்க? நான் எத்தனை தடவை அடிச்சிருக்கேன் அந்த வார்த்தையை.”

“உன்னை ஏமாத்தணும்னு இல்லம்மா...”

“தெரியும். அழாதீங்க. அழுதா பேப்பர் நனைஞ்சுடும், மறுபடி அச்செடுக்கணும்.”

சொன்னவள்தான் முதலில் அழுதாள். காபி ஆறிப்போனது. இருவரும் குடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் அவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடத் தொழிலில் மற்றவர் எழுதிய அறிக்கையில் போட்ட ஒரே கையெழுத்து. பதிவு அலுவலகத்தில், பத்திரத்தை அவள் பெயரில் பதியலாம் என்று அவர் சொன்னபோது அவள் ஒரே பிடியாக மறுத்தாள்.

“என் பேர்ல போட்டா, அப்புறம் வாரிசுச் சான்றுக்கு நீங்க அலையணும். வெயில்ல உங்களுக்கு ஆகாது.”

பத்திரம் எழுதிய சிநேகிதர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று அவர் எழுதுகூலியும் வாங்கவில்லை.

அந்த முன்னறையில் அவள் பதினோரு மாதம் இருந்தாள். இரண்டு வருடம் என்பது அதிகபட்சக் கணக்கு. மேசை தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வந்தது. தட்டச்சு செய்துகொண்டே, பள்ளிக்கூட வண்டி எத்தனை நிமிடம் தாமதம், எதிர்வீட்டுக்காரர் வண்டியை எத்தனை உதை உதைத்துக் கிளப்புகிறார் என்று உள்ளே இருப்பவருக்கு நேர்முக வர்ணனை கொடுப்பாள். கடைசி ஆறு வாரம் மேசையை நகர்த்திவிட்டு அங்கே கட்டில் போட்டார்கள். “ஒரு இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம்,” என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டார், நாற்பத்து மூன்று அறிக்கைகளையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றாக. அந்த மின்கம்பியைப் பத்து வருடத்துக்கு முன்பே மாற்றிவிட்டார்கள். குளத்தை மூடிய மனையில் ஒரு குடும்பம் விரிசல் விழாத சுவருக்குள் பேரன் எடுத்துவிட்டது. தங்கை கையெழுத்துப் போடாத வீட்டில் மட்டும் இன்னும் வழக்கு நடக்கிறது.

அவள் போன பிறகும் அவர் மாறிவிடவில்லை. அதே தெருவில் அடுத்த வீட்டுக்கு விலை பேசிய ஒரு இளம் தம்பதிக்கு, சாலைக் கோட்டைக் காட்டி, வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒரு விரலால் அவரே தட்டச்சு செய்கிறார். இரண்டு பக்கத்துக்கு ஒரு முழுப் பகல் ஆகிறது.

வீடு வாங்கிய எட்டாவது வருடம் ஆட்கள் வந்து சுவரில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டார்கள். கோடு ஜன்னலுக்கு உட்பக்கம் நான்கடி தள்ளி வந்தது. தெருவே திரண்டு அவரிடம் வந்தது. பத்தொன்பது வீட்டுக்கு ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தார்.

“உங்களுக்கு எழுதலையா சார்?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“நான் தெரிஞ்சேதானே வாங்கினேன்?”

மனுக்கள் தள்ளுபடியாகிவிட்டன. திங்கட்கிழமை தச்சர் வந்து ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி உள்ளறையில் வைக்கிறார். புதன்கிழமை முன்னறையை இடிக்கிறார்கள். மீதி வீடு நிற்கும். உள்ளறைச் சுவர் தெருப் பக்கச் சுவராகும்போது, அதே ஜன்னலை அதில் பொருத்தக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது.