நைஸ் கொத்தனாரின் கை

நைஸ் கொத்தனார் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். பலகையால் தேய்த்து முடித்த பிறகும் அவருக்கு மனசு ஆறாது. மூலைகளை ஈரச் சிமெண்டோடு வெறும் கையாலேயே தடவித் தடவிச் சரிசெய்வார். கையுறை போட்டால் மேடுபள்ளம் தெரியாதாம். கெட்டிக்காரர்தான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கிற ஜாதி இல்லை.

சுவரெல்லாம் வழவழப்பானது, கைதான் பாழானது. மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. தோல் தடித்து, வெடித்து, நீர் கசிந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துப் படை என்று சொல்லி ஒரு களிம்பைக் கொடுத்தார். படை என்றால் தொற்றுமே, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று மனிதர் அரண்டுபோனார். டாக்டரிடம் காட்டச் சொல்லி மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் அசையவில்லை. அன்றிலிருந்து மகளைத் தூக்கவும் இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் ஓடி வந்தால் அங்கேயே நிற்கச் சொல்லிவிடுவார். தெருவைக் கடக்கும்போதுகூடச் சட்டை நுனியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வந்தது. மகள் எதைக் கொடுத்தாலும் அதன் மேல்தான் வைக்க வேண்டும். யாரும் போடாத சட்டம், அவரே போட்டுக்கொண்டது. 

மழைக்காலத்தில் வேலை நின்றால் கை ஆறிவிடும். களிம்பு வேலை செய்கிறது என்று மகிழ்ந்துபோய் இன்னும் நாலு குழாய் வாங்கி வைப்பார். வேலை தொடங்கியதும் மறுபடியும் அரிப்பு. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? சோறு போடுகிற சிமெண்டைச் சந்தேகப்பட அவருக்கு மனசு வரவில்லை.

மகள் படித்து முடித்தாள். வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் அவரைப் பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவர் முதுகில் ஒவ்வாமையைச் சோதிக்கும் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி, சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். படையும் இல்லை, ஒன்றும் இல்லை. சிமெண்டில் கலந்திருக்கும் ஓர் உப்பு அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிலருக்குக் கைக்கடிகாரம், சிலருக்குத் தலைச்சாயம், இவருக்கு இது என்றார் டாக்டர். கொத்தனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இது பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா டாக்டர்?"

"யாருக்கும் ஒட்டாது. இது தொத்து வியாதியே இல்ல."

 வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் அதைக் கவனிக்காமல் தம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"கையிலயே குடும்மா."

அவள் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஓடி வந்து தம்ளரை எடுத்து, விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, எட்டி நின்றே நீட்டினாள்.

"பழகிடுச்சுப்பா" என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார். விரல் படவில்லை. படாமல் கொடுக்க அவளை அவ்வளவு நன்றாகப் பழக்கியவர் அவர்தான்.